மேல்தாடை நகர்ந்தால் மூக்கும் நகரும்

மேல்தாடை அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். கடி, அதாவது மேல் கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம், சரியாகுமா, சிரித்தால் ஈறு தெரியுமா, எத்தனை வாரம் திரவ உணவு, உதட்டு மரமரப்பு எப்போது போகும் என்று எல்லாவற்றையும் கேட்டு வைத்திருப்பார்கள். மூக்கு அந்தப் பட்டியலிலேயே இருக்காது. பல்லுக்கும் தாடைக்கும்தானே ஆபரேஷன், மூக்குக்கு இதில் என்ன வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வீக்கம் வடிந்தபின் கண்ணாடி முன் நிற்கும்போது பலருக்கும் முதலில் கண்ணில் படுவது மூக்குதான். மடல்கள் கொஞ்சம் விரிந்திருக்கும். நுனி கொஞ்சம் தூக்கியிருக்கும். நேராகப் பார்த்தாலே மூக்குத் துளைகள் முன்பைவிட அதிகமாகத் தெரியும்.

எனக்கு மேல்தாடை உள்வாங்கியிருந்தது. அதை முன்னால் கொண்டுவர வேண்டியிருந்தது. பல் வரிசையைச் சரிசெய்யும் க்ளிப் மாட்டியிருந்த காலம் முழுக்க நானும் என் ஆர்த்தோடான்டிஸ்ட்டும் பல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மூக்கைப் பற்றி முதலில் வாயைத் திறந்தவர் என் சர்ஜன்தான். காலிப்பரை எடுத்து மடல்களின் அகலத்தை அளந்தார், அடிப்பக்கத்திலும் ஓர் அளவு எடுத்தார், இரண்டையும் கோப்பில் எழுதினார். "இது எதுக்கு டாக்டர்?" என்று கேட்டேன். "தையல் போடும்போது இந்த நம்பர் எனக்கு வேணும்மா. அப்ப உங்க மூக்கைப் பார்த்து எதையும் முடிவு பண்ண முடியாது" என்றார். அவர் சொன்னதன் முழு அர்த்தமும் பின்னால் படித்துப் படித்துத்தான் எனக்குப் புரிந்தது. அப்படிப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூக்கு மாற்றத்தைப் 'பக்கவிளைவு' என்ற தலைப்பின் கீழ் வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பக்கவிளைவு என்றால் சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மேல்தாடையை வெட்டி நகர்த்தினால் மூக்கு ஓரளவாவது மாறும். எந்தத் திசையில் மாறும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கலாம், ஓரளவுக்குக் கட்டுப்படுத்தவும் செய்யலாம். அப்படியிருக்கும்போது கடியைத் திட்டமிடுகிற அதே மேசையில் மூக்கையும் வைத்துப் பேசியாக வேண்டும். நோயாளியும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும்.

மூக்கின் எலும்பு வாசலைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். மண்டையோட்டுப் படங்களில் முகத்தின் நடுவே தலைகீழ் இதயம் போல ஒரு திறப்பு தெரியுமே, அதன் பக்கங்களும் அடித்தளமும் மேல்தாடை எலும்புதான். அந்தத் திறப்பின் கீழ்நடுவில் ஒரு சின்ன எலும்பு முள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரின் குருத்தெலும்பு இந்த முள்ளின் மேலும் அதற்குப் பின்னால் ஓடும் எலும்பு விளிம்பின் மேலும்தான் உட்கார்ந்திருக்கிறது. மடல்களை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும் தசைகளும், மூக்கு நுனியைக் கீழே இழுக்கும் தசையும், மேலுதட்டைச் சுற்றியிருக்கும் தசையின் இழைகளும் இந்த எலும்பில்தான் வந்து ஒட்டுகின்றன. ஆக, மூக்கின் கீழ்ப்பாதி மொத்தமும் மேல்தாடையை நம்பித்தான் இருக்கிறது.

இந்த ஆபரேஷனுக்கு 'லெ ஃபோர்ட் 1' என்று பெயர். ரெனே லெ ஃபோர்ட் என்ற பிரெஞ்சு சர்ஜன் முக எலும்புகள் எந்தக் கோடுகளில் உடைகின்றன என்று ஆராய்ந்து 1901இல் வெளியிட்டார். அவற்றில் மிகக் கீழே ஓடும் கோட்டை ஒட்டித்தான் இந்த வெட்டு போகிறது. ஆனால் மேல்தாடையைப் பிரிக்கும் யோசனை அவருக்கும் முந்தையது. 1859இல் ஜெர்மன் சர்ஜன் லாங்கென்பெக், மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த கட்டிகளை எட்டுவதற்காக மேல்தாடையை வெட்டித் திறந்தார். கடியைத் திருத்துவதற்காக 1927இல் வாஸ்முண்ட் என்ற சர்ஜன் இதைச் செய்தார். அப்புறம் ஒப்வேகெஸர், பெல் ஆகிய சர்ஜன்களின் வேலையால் 1960களிலும் 70களிலும் தாடையை முழுதாக விடுவித்து வேண்டிய இடத்தில் வைப்பது நம்பகமான முறையானது. அண்ணத்துப் பக்கத்துத் திசுக்கள் வழியாகவே எலும்புக்குப் போதிய ரத்தம் கிடைக்கும் என்று பெல் குரங்குகளில் செய்த சோதனைகள் காட்டியபிறகு அந்தத் துணிச்சலுக்கு ஓர் அடிப்படை கிடைத்தது. அந்தக் காலத்தில் தாடை பிழைக்குமா என்பதே கேள்வியாக இருந்திருக்கிறது. மூக்கின் அகலம் கவலையாக மாறியது அதற்குப் பிறகுதான்.

சரி, மூக்கு ஏன் விரிகிறது? எலும்பு முன்னால் வந்ததால் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பாதிதான். மேலுதட்டை உயர்த்தி, உள்பக்கத்தில் ஈறுக்கு மேலே கீறல் போட்டு, எலும்பை மூடியிருக்கும் சவ்வைப் பிரித்து மேலே தள்ளுகிறார்கள். எலும்பை வெட்ட வேண்டுமென்றால் வேறு வழியில்லை. அப்போது மடல்களை உள்நோக்கிப் பிடித்திருந்த தசைகளும் சேர்ந்து கழன்றுவிடுகின்றன. பிடி விட்டதும் அவை சுருங்கிப் பக்கவாட்டில் ஒதுங்குகின்றன. அவற்றை அப்படியே விட்டுத் தைத்தால் ஒதுங்கிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். வீக்கமும் சேர்ந்து அவற்றை வெளியே தள்ளும். ஆகவே தாடை கொஞ்சம்தான் நகர்ந்தது என்றாலும் மூக்கு விரிய வாய்ப்பு உண்டு. எதுவும் செய்யாமல் விட்டால் மடலடியின், அதாவது மடல்கள் முகத்தோடு சேரும் இடத்தின், அகலம் 2 முதல் 4 மி.மீ. வரை கூடுவது சாதாரணம். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் முகத்தின் நட்ட நடுவில் 3 மி.மீ. என்பதை எதிரில் உட்கார்ந்திருப்பவர் கவனித்துவிடுவார்.

தாடை எந்தப் பக்கம் போகிறது என்பது அடுத்த விஷயம். முன்னால் கொண்டுவந்தால் மடலடி விரியும், நுனிக்குக் கீழிருந்து தாங்கல் கூடுவதால் அது முன்னும் மேலுமாகத் திரும்பும். மேலே ஏற்றினாலும், அதாவது சிரித்தால் ஈறு அதிகம் தெரிகிறவர்களுக்குச் செய்வதிலும், விரிவும் தூக்கலும் வரும். இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது மூக்கில் மாற்றம் அதிகம். தாடையைப் பின்னால் தள்ளினால் நுனியின் தாங்கல் குறைந்து அது தொய்யக்கூடும். கீழே இறக்கினால் நுனியும் சற்றுக் கீழே வரும். இதில் எது கெடுதல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நுனி தொங்கி, மடல்கள் ஒடுங்கியிருக்கும் ஒருவருக்குத் தாடை முன்னால் வந்தால் மூக்கு முன்பைவிட அழகாகவே அமையலாம், மூச்சும் எளிதாகலாம். ஏற்கெனவே அகலமாகவும் நுனி தூக்கியும் இருப்பவருக்கு அதே நகர்த்தல் வருத்தம் தரும். ஆபரேஷனுக்கு முந்தைய மூக்கைக் கவனமாகப் பார்ப்பது இதனால்தான் முக்கியம்.

இனி அந்தத் தையல். 1980இல் மில்லார்ட் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், தட்டையாக விரிந்த மூக்குகளின் மடல்களை உள்ளிருந்து இழுத்துக் கட்டும் ஒரு முறையை எழுதினார். 1982இல் காலின்ஸும் எப்கரும் அதை மேல்தாடை அறுவைக்கென்று மாற்றி அமைத்தார்கள். 'சின்ச் தையல்' என்று சர்ஜன்கள் சொல்வது இதைத்தான். வாய்க்குள் இருக்கும் அதே கீறல் வழியாக, ஒரு பக்க மடலுக்கு அடியில் இருக்கும் தசையும் நாரும் சேர்ந்த திசுவை ஊசியால் பிடிக்கிறார்கள். மறுபக்கத்திலும் அதே இடத்தைப் பிடிக்கிறார்கள். பிறகு நூலை இழுத்தால் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்ததுபோல இரண்டு மடல்களும் நடுவை நோக்கி வருகின்றன. காலிப்பர் பழைய அளவைக் காட்டும் இடத்தில் முடிச்சு.

இதைப் படிக்கும்போது ரொம்ப எளிமையாகத்தான் இருக்கிறது. கஷ்டமெல்லாம் நுணுக்கத்தில்தான். முதலில், சரியான திசுவைப் பிடிக்க வேண்டும். வெறும் கொழுப்பைப் பிடித்தால் நூல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் சர்ஜன் முதலில் இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்க்கிறார், வெளியே மடல் அசைகிறதா என்று கவனிக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் பிடிக்காவிட்டால் துளைகள் கோணலாகும். சிலர் ஊசியைத் தோல் வரை கொண்டுபோய், வந்த துளை வழியாகவே உள்ளே திருப்பி, கெட்டியான பிடியைத் தேடுகிறார்கள். சிலர் எலும்பு முள்ளில் ஒரு துளை போட்டு நூலை அதில் நங்கூரமிடுகிறார்கள். நூல் கரையாததா, மெல்லக் கரைவதா என்பதிலும் ஆளுக்கு ஒரு கருத்து. முறைகள் இத்தனை இருப்பதே, எதுவும் முழுத் தீர்வு தரவில்லை என்பதைச் சொல்கிறது. சின்ச் போட்ட மூக்கும் நாளடைவில் கொஞ்சம் விரியத்தான் செய்கிறது. போடாததைவிடக் குறைவாக விரிகிறது, அவ்வளவுதான். அதற்காகவே அது செய்யத் தகுந்தது என்பது என் கருத்து.

இன்னும் இழுத்துக் கட்டினால் நல்லதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். அதிகமாக இறுக்கினால் மூக்கடி கிள்ளியதுபோல ஆகிவிடும், உதட்டின் நடுப்பகுதி திரளும், நுனி இன்னும் மேலே போகவும் வாய்ப்புண்டு. அகலத்தைக் கட்டுப்படுத்தப் போய்த் தூக்கலை வாங்கிக்கொண்ட கதையாகிவிடும். சின்ச் தையல் அகலத்துக்கான மருந்து. நுனித் தூக்கலுக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் என் சர்ஜன் சொன்ன அந்த வாக்கியம். தைக்கும்போது மூக்கைப் பார்த்து ஏன் முடிவு செய்ய முடியாது? இந்த ஆபரேஷனில் சுவாச டியூபை மூக்கு வழியாகத்தான் விடுகிறார்கள். வாய் வழியாக விட்டால் பற்களைச் சேர்த்துக் கடியைச் சரிபார்க்க முடியாது. ஆகவே மணிக்கணக்காக ஒரு டியூப் ஒரு துளையை விரித்து, நுனியை மேலே தள்ளிக்கொண்டு இருக்கிறது. முகம் வேறு வீங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் கண்ணளவில் 'இது போதும்' என்று முடிச்சுப் போட்டால், டியூபை எடுத்தபின் மூக்கு வேறு வடிவம் காட்டும். எலும்பில் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு முடித்தபின் மயக்க மருத்துவரைக் கேட்டு டியூபை வாய்க்கு மாற்றிவிட்டு, பிறகு சின்ச் போடும் சர்ஜன்கள் உண்டு. முகவாய்க்கு அடியிலிருந்து டியூபைக் கொண்டுவரும் வழியும் இருக்கிறது. எல்லோருக்கும் இது தேவைப்படாது, டியூபை மாற்றுவதில் அதற்கான ஆபத்தும் உண்டு. ஆனால் டியூப் விடுவதற்கு முன்பே எடுத்த அளவு கையில் இல்லாமல் யாரும் முடிச்சுப் போடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அகலத்துக்கு இலக்கு உங்கள் பழைய மூக்குதான். கண்களின் உள்முனைகளுக்கு இடையே உள்ள தூரம்தான் மூக்கின் சரியான அகலம் என்று ஒரு பழைய விதி சொல்வார்கள். உலகத்தின் பெரும்பாலான முகங்கள் அந்த விதிக்குள் அடங்காது, அதை வைத்து யார் மூக்கையும் இறுக்க வேண்டாம்.

அடுத்தது எலும்பு முள். தாடை முன்னால் வரும்போது அதுவும் கூடவே வந்து, நுனியைக் கீழிருந்து முட்டுகிறது. தூக்கலைக் குறைக்க வேண்டுமென்றால் அந்த முள்ளைக் கொஞ்சம் சீவி விடலாம். திறப்பின் ஓரங்களையும் அடித்தளத்தையும் இழைத்துக் கொடுத்தால் மடலடிக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். நுனி தொங்கலாக இருப்பவருக்கு முள்ளைத் தொடாமல் விடுவதே உதவி. இன்னொரு வழி, முள்ளையே நகர்த்தாமல் விடுவது. வெட்டை அதற்குக் கீழே இறக்கிக் கொண்டுபோனால் முள்ளும், அதில் ஒட்டியிருக்கும் நடுச்சுவரும் தசைகளும் பழைய இடத்திலேயே நிற்கும், பல் தாங்கும் பகுதி மட்டும் நகரும். பெல்ஜியத்தின் மோமெர்ட்ஸ் குழு இப்படி வெட்டினால் மூக்கின் அகலம் என்னாகிறது என்று 1997இல் எழுதியது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. கழற்றிவிட்டு மறுபடி கட்டுவதைவிட, கழற்றாமலே விடுவது எவ்வளவோ மேல். ஆனால் எல்லா நகர்த்தல்களுக்கும் எல்லாப் பல்வேர்களுக்கும் இந்த வெட்டு ஒத்துவராது.

மேலுதட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கீறலை நேராக மூடினால் உதடு உள்நோக்கிச் சுருண்டு மெலிந்து போகலாம். அதற்காக நடுவில் சிறிது தூரம் செங்குத்தாகத் தைத்துவிட்டு, பிறகு பக்கங்களை மூடும் வழக்கம் இருக்கிறது. சின்ச் தையலோடு இதையும் சேர்த்தே செய்வார்கள்.

நடுச்சுவரைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டும். அகலத்தையும் தூக்கலையும் பற்றிப் பேசுகிறவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். தாடையை மேலே ஏற்றினால் மூக்கின் தரை உயர்கிறது. மேலிருந்து இறங்கும் நடுச்சுவர் அப்படியே இருக்கிறது. 5 மி.மீ. தரை ஏறினால், சுவருக்கு 5 மி.மீ. இடம் குறைந்துவிட்டது. அதற்கேற்றாற்போல் குருத்தெலும்பின் அடியையோ கீழே இருக்கும் எலும்பு விளிம்பையோ எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் சுவர் வளையும். வளைந்தால் ஒரு பக்கம் அடைப்பு, நுனியும் நடுக்கோட்டைவிட்டு விலகும். எடுத்தபின் சுவரின் அடியை எலும்பு முள்ளோடு ஒரு தையல் போட்டு நடுவில் நிறுத்துவார்கள். பக்கச்சுவரில் கீழே புடைத்திருக்கும் சதைமடிப்பு பெரிதாக இருந்தால் அதையும் கொஞ்சம் குறைக்க வேண்டிவரும். ஆபரேஷன் முடிந்து டியூபை எடுக்கும்போது சுவர் இடம் மாறிவிடக்கூடும் என்பதால், கடைசியில் ஒருமுறை மூக்குக்குள் பார்ப்பது நல்ல பழக்கம். ஆபரேஷனின் நடுவில், வெட்டிய தாடையைக் கீழே இறக்கி வைத்திருக்கும் நேரத்தில் நடுச்சுவர் நேர் எதிரே திறந்து கிடக்கிறது. ஏற்கெனவே வளைந்த சுவர் உள்ளவர்களுக்கு அப்போதே அதையும் நேராக்கிவிடலாம். ஆபரேஷனுக்கு முன்பே 'எனக்கு இந்தப் பக்கம் மூக்கடைப்பு' என்று சொல்லியிருந்தால்தான் அது நடக்கும். நான் சொல்லியிருந்தேன். இன்று இரண்டு பக்கமும் மூச்சு விடுகிறேன். மூக்கின் வடிவத்தைவிட அதுதான் என் தினசரி வாழ்க்கையை மாற்றியது.

இவ்வளவு செய்தாலும் சில விஷயங்கள் கைக்கு அடங்காது. கம்ப்யூட்டரில் தாடையை நகர்த்திப் பார்க்கும் திட்டமிடல் இன்று எலும்பைப் பொறுத்தவரை நன்றாகவே வேலை செய்கிறது. அதே திரையில் காட்டும் தோலையும் சதையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மூக்கும் உதடும்தான் அதில் அதிகம் பிசகும் இடங்கள். தோலின் தடிமன், தழும்பு எப்படி உருவாகிறது, தசைகள் எங்கே போய் ஒட்டுகின்றன, இதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். என் மடல்களின் அகலம் ஏறக்குறையப் பழைய அளவில் நிற்கிறது. நுனி தூக்கித்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்த அத்தை, "கொஞ்சம் தூக்கினாப்ல இருக்கே" என்று முதல் பார்வையிலேயே சொல்லிவிட்டார். தாடை எவ்வளவு முன்னால் வர வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு நுனி தூக்கும் என்று சர்ஜன் முன்பே சொல்லியிருந்தார், நான் சரி என்று சொல்லித்தான் போனேன். அதனால் அத்தை சொன்னபோது எனக்கு அதிர்ச்சி இல்லை. முன்பே தெரிந்திருப்பதற்கும் திடீரென்று கண்ணாடியில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமலே ஆபரேஷனுக்குப் போய், பிறகு தன் முகத்தையே அடையாளம் தெரியாமல் தவிப்பவர்களுடன் பேசியிருக்கிறேன். அவர்களில் பலருக்கு மாற்றம் என்னைவிடக் குறைவுதான்.

ஆகவே போவதற்கு முன் கேளுங்கள். என் தாடை எந்தத் திசையில், எவ்வளவு நகரப் போகிறது, அதற்கு மூக்கு எப்படி மாறும் என்று நினைக்கிறீர்கள்? சின்ச் தையல் போடுவீர்களா, எந்த அளவுக்குக் கட்டுவீர்கள்? முள்ளைச் சீவுவீர்களா, விடுவீர்களா? நடுச்சுவரை என்ன செய்வீர்கள்? உங்கள் மூக்கில் எது மாறக் கூடாது, எது மாறினால் பரவாயில்லை என்பதையும் நீங்களே சொல்லுங்கள். அதை சர்ஜன் ஊகிக்க முடியாது. படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நேராக, பக்கவாட்டில், முக்கால் பக்கம், அப்புறம் தலையை அண்ணாந்து கீழிருந்து ஒன்று. கீழிருந்து எடுக்கும் படம்தான் துளைகளின் வடிவத்தையும் மடலடியையும் காட்டும், வீட்டில் எடுக்கும் படங்களில் அது இருக்கவே இருக்காது.

ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜன் அனுமதிக்கும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தையலைப் பார்க்கும் ஆசையில் மேலுதட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே ஆறிக்கொண்டிருப்பவை அந்த முடிச்சும் தசையும்தான். முதல் வாரங்களில் தெரியும் மூக்கு உங்கள் மூக்கு இல்லை, வீக்கம். பெரும்பகுதி வடிந்தபிறகும் மிச்சம் அடங்க 6 மாதம் முதல் 1 வருடம் ஆகலாம். அதுவரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

அந்தக் காலம் கடந்த பிறகும் வடிவம் உறுத்தினால் வழிகள் இருக்கின்றன. மூக்கின் நுனியையும் நடுத்தண்டையும் மூக்குச் சீரமைப்பு ஆபரேஷனில் திருத்தலாம், வளைந்த நடுச்சுவரை நேராக்கலாம். அகலம் மட்டும்தான் பிரச்சினை என்றால் மடலடியில் சிறிது தோலை எடுத்துக் குறைக்கும் முறை உண்டு. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். தாடை அறுவையில் விரிந்த மூக்கில் தோல் கூடுவதில்லை, இடம்தான் மாறுகிறது. தோலை வெட்டி எடுத்தால் வெளியே தழும்பு இருக்கும், எடுத்ததைத் திருப்பி வைக்கவும் முடியாது. முதலில் வாய்க்குள்ளிருந்தே மறுபடி சின்ச் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்று சொன்னால், ஏன் என்பதையும் கேளுங்கள்.